கடைசிப் பந்தியில் எடுத்த உறை

என் தங்கை சிந்துஜா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டம்ளரைப் பாதியில் கீழே வைத்தபோது, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“போதும்ணா,” என்றாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

“வாந்தி வருதா?”

“இல்ல.”

“தலை சுத்துதா?”

“போதும்னா போதும். நீங்கல்லாம் இப்படித்தான சொல்லுவீங்க? நான் சொன்னா மட்டும் ஆஸ்பத்திரியா?”

டம்ளரில் பாதி ஷேக் மிச்சமிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். நான் டம்ளரைக் கழுவப் போனேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிந்துஜாவுக்குப் பிறவியிலிருந்தே ஒரு கோளாறு. எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போகாது. சாப்பிடும்போதும் பசி, சாப்பிட்டு முடித்த பின்பும் அதே பசி. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, அரிசிக்குப் பீரோ. சமையலறைச் சாவி என் அரைஞாண் கயிற்றில். ஒருமுறை பூட்டை உடைத்து, ஒரு குண்டா இட்லி மாவைப் பச்சையாகவே குடித்துவிட்டாள். இரைப்பை கிழிந்தது. தைத்த டாக்டர் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். “இன்னொரு தடவை கிழிஞ்சா தைக்கறதுக்கு அங்க துணி இல்லை,” என்றார்.

அம்மா போன பிறகு நான் பார்மசி படிப்பைப் பாதியில் விட்டேன். அவள் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் இரவு வேலை. நான் எப்போது தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

வேலை, கோவைக்கு வெளியே ‘நிறை’ ஷேக் தயாரிக்கும் ஆலையில். பாட்டிலில் ஷேக் நிரப்பும் பிரிவு. டயட்டில் இருப்பவர்களுக்காக வந்த பானம் அது. காலையில் ஒரு பாட்டில் குடித்தால் மாலைவரை பசிக்காது. தட்டில் இருக்கும் போண்டாவைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பதுபோல இருக்கும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இறங்கியது. மாடிப்படி ஏற முடியாதவர்கள் ஏறினார்கள். பிறகு அரசாங்கம் வாங்கி ரேஷன் கடையிலும் கொடுத்தது. பசி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களே ஊரில் இல்லாமல் போனார்கள்.

என் வீட்டில் மட்டும் ஒருத்தி இருந்தாள். ஊழியருக்குக் கொடுக்கும் பாட்டில்களை அவளுக்குத்தான் கொண்டுபோவேன். அவளுக்கு அது வெறும் பயறுத் தண்ணீர். கடகடவென்று குடித்துவிட்டு, “அடுத்து என்ன?” என்பாள்.

அந்த ஒரு பாட்டிலில் மட்டும் பாதியில் நிறுத்தினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆய்வகத்து வாசலில் போய் நின்றேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் டாக்டர் ஜெசிந்தா. வேகமாகப் பேசுவார், நின்றுகொண்டே சாப்பிடுவார், அதாவது ஷேக் குடிப்பார். நான் சொன்னதைக் கேட்டதும் பாட்டிலை மூடி வைத்தார்.

“உங்க தங்கச்சிக்கா? அந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கா? நடக்கவே நடக்காதே.”

“நடந்துச்சுங்க மேடம். அந்த பாட்டில்ல என்ன போட்டீங்க?”

“எல்லாத்துலயும் போடறதுதான். புரோட்டீனெல்லாம் சும்மாப்பா. பயறையும் பாலையும் பொடிச்சு எவன் வேணாலும் விக்கலாம். நாம விக்கறது உறை.”

“உறைன்னா?”

“தயிருக்கு விடற மாதிரிதான். ஒருத்தர் வயிறாரச் சாப்பிட்டு எழுந்ததும் அவங்க ரத்தத்துல ஒரு பொருள் ஓடும். மூளைகிட்டப் போய் ‘போதும்’னு சொல்ற பொருள். அதுல ஒரு சொட்டு எடுத்துத் தொட்டியில விட்டா, மொத்தத் தொட்டியும் அதுவா மாறிடும். ஆனா மோர் மாதிரியே, மாத்தி மாத்தி விட்டா நீர்த்துப் போயிடும். திரும்பப் புது உறை வேணும். அதுக்குத்தான் சாப்பிடறதுக்குன்னே ஆள் வச்சிருக்கோம்.”

“எடுத்த பிறகு அவங்களுக்கு?”

ஜெசிந்தா மேசையைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “கொஞ்ச நேரத்துல பசிக்கும். அவங்களோட நிறைவைத்தான நாம எடுத்துடறோம்.”

“திரும்பச் சாப்பிட வேண்டியதுதான?”

“சாப்பிடலாம். யாரும் சாப்பிடறதில்ல. வேலை முடிஞ்சா வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க தங்கச்சி குடிச்ச அந்தத் தொட்டியைப் பத்தி இன்னொரு விஷயம். அதைக் குடிச்சவங்க நம்ம புகார் நம்பருக்குப் போன் பண்றாங்க. புகார் ஒண்ணும் இல்ல. ஒரு அம்மா, ‘சாப்பாடு போட்டவங்க நல்லா இருக்கணும்’னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. ஷேக் குடிச்சதுக்கு! போனை எடுத்த பொண்ணு பயந்துபோயிட்டா.”

“யாரோட உறை அது?”

“சொல்லக் கூடாது,” என்றார். சொல்லவும் செய்தார். பழனாத்தாள் என்று ஒரு பெண். கல்யாணங்களில் பந்தி பரிமாறும் குழுவில் இருந்தவள். எல்லாரும் ஷேக் குடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வர, இலையைக் கையால் மறைத்துவிட்டு எழுந்து போக, சமையல் குத்தகைக்காரர் குழுவைக் கலைத்துவிட்டார். குழுவின் கடைசிக் கல்யாணத்தன்று மண்டப வாசலில் எங்கள் கம்பெனி வேன் நின்றது, சாப்பிடும் வேலைக்கு ஆள் எடுக்க. அன்று எடுத்த ரத்தம்தான் அது. இப்போது அவளை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். “இனிமே அந்த உறை மட்டும்தான்,” என்று ஜெசிந்தா சிரித்தார்.

நான் வீட்டுக்குப் போய் சிந்துஜாவிடம் சொன்னேன்.

“பழனாத்தா,” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அந்தக்கா நல்லா இருக்கட்டும். ஏண்ணா, நெறைஞ்சா இப்படித்தான் இருக்குமா உங்களுக்கெல்லாம்? தெனமுமா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறீங்க?”

அந்தத் தொட்டி தீரும்வரை வீட்டில் பூட்டுகள் சும்மா தொங்கின. சிந்துஜா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழு மதியமும் தெருவைப் பார்த்தாள். வேறு எதையும் நினைக்காமல் ஒரு தெருவைப் பார்க்க முடிந்ததே அவளுக்குப் புதிது. நான் படுத்துத் தூங்கினேன்.

புதுத் தொட்டி வந்தது. அதிலும் பழனாத்தாளின் உறைதான். சிந்துஜா குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“அடுத்து என்ன?” என்றாள்.

முன்பு அவளுக்கு அந்தப் பசிதான் உலகம், அதற்கு வெளியே ஒன்று இருப்பது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. “சாவியக் குடு” என்பாள். நான் இடுப்பைத் தொட்டால், “குடுக்காத, குடுக்காத” என்பாள். ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தபோது, சமையலறைக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். கீல் தொங்கிக்கொண்டிருந்தது.

“எல்லா ஸ்க்ரூவும் கழட்டிட்டேன். ஒண்ணு மட்டும் பாக்கி,” என்றாள். “நீ வர்ற வரைக்கும் அதைக் கழட்டாம உக்காந்திருக்கேன். நாளைக்கு உக்காருவனான்னு தெரியல. சீக்கிரம் எதாவது பண்ணுண்ணா.”

கீலை மாட்டினேன். உடனே திரும்ப ஆலைக்குப் போனேன்.

பழனாத்தாள் காலை பஸ்ஸில் வருவாள் என்று கேட்டு வைத்திருந்தேன். இறங்கியவளைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. நடுத்தர வயது, ஒட்டிய கன்னம், முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். இவளுடைய நிறைவா என் தங்கைக்கு வந்தது?

“அக்கா, நான் உள்ள பாட்டில் நெரப்பற எடத்துல வேலை பாக்கறேன். உங்க உறையிலதான் என் தங்கச்சிக்கு மொத மொதல்ல வயிறு நெறைஞ்சது.”

“எம்பட ஒறையா?” அவள் சிரித்தாள். “அது கெட்டுப்போச்சுன்னு அந்த டாக்டரம்மா தலையில கைய வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்.”

“ஏன் கெட்டுச்சு?”

“எனக்கென்னங் தெரியும்? கண்ணாடி ரூமுக்குள்ள என்னைய மட்டும் ஒத்தையா உக்கார வெச்சு, நெய்யூத்தி, முந்திரி போட்டு, கறி மீனுன்னு கொண்டாந்து வெக்கறாங்க. நாலு பேரு வெளிய நின்னு எம்பட வாயவே பாக்கறாங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதர. திங்கறேன். வயிறு கனக்குது. ஆனா பசி போவ மாட்டேங்குதுங் தம்பி. பொய் சொல்லக் கூடாது, எனக்கே வந்து பல மாசமாச்சு, சாப்ட்டம்ங்கற நெனப்பு.”

“முன்னாடி?”

“முன்னாடி பந்தி வெச்சுட்டிருந்தன். பந்தி வெக்கறவ முன்னால உக்காந்து திங்க முடியுமா? கடைசி இலையும் எடுத்து, மேசை தொடச்சு, அப்புறமேல்ட்டுத்தான் நாங்க உக்காருவோம். அப்ப கறியும் இருக்காது, பாயசமும் இருக்காது. அடிச்சோறு, ரசம், எந்தப் போசிப் பாத்திரத்துலயாவது ஒட்டுன பொரியல். அன்னைக்கு உங்க வேன்காரன் ஊசி போட்டதும் அதத் தின்னு கை கழுவுன ஈரத்தோடதான்.”

சொல்லிவிட்டு, நேரமாச்சு என்று கேட்டுக்குள் ஓடினாள். தான் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது.

போய்ச் சொன்னதும் ஜெசிந்தாவுக்கு மீதி புரிந்தது. “அடக் கடவுளே. எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியில உக்கார்றவங்களை முதல்ல உக்கார வச்சுட்டோம்,” என்றார்.

அடுத்த நாளே ஆய்வகத்தில் பந்தி போட்டார்கள். மேசைகளைச் சேர்த்து, இலை விரித்து, அலுவலகத்து ஆட்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். பழனாத்தாளின் மணிக்கட்டில் ஒரு பட்டை, ரத்தத்தில் அந்தப் பொருள் ஏறுவதைக் காட்ட. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். முதல் இலைக்குப் போகும் முன்பே, “கொஞ்சமா, கொஞ்சமா.” இரண்டாவது ஆள், “எனக்கு வேணாம், சும்மா வச்சுட்டுப் போங்க.” மூன்றாவது ஆள் போனைப் பார்த்துக்கொண்டே இலைமேல் கையை வைத்தார். எல்லாரும் காலையில் ஷேக் குடித்தவர்கள்.

வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

“பசியில்லாதவிய வாயில திணிக்கறதுக்கா என்னையக் கூப்ட்டீங்க? இதுக்கு அந்தக் கண்ணாடி ரூமே தேவல. பசிச்ச ஆளு ஒருத்தர் இருந்தாக் கூட்டியாங்க.”

பசித்த ஆளுக்கு எங்கே போவது? ஜெசிந்தா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேணாம் மேடம்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அவளுக்கு நிறுத்தத் தெரியாது.”

“அளந்து வைப்போம். தட்டுல இவ்வளவுதான்னு முன்னாடியே...”

“அளந்து போடறதுக்கு இது ரேசன் கடைங்களா?” என்றாள் பழனாத்தாள். “உக்காந்தவிய போதும்ங்கற வரைக்கும் போடோணும். அதுக்கு முன்னால கையிழுத்தா அது பந்தியில்ல. எனக்கும் எறங்காது.”

வீட்டில் சிந்துஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது. அவள் போதும் என்று சொன்னால்தான் பழனாத்தாள் உட்காருவாள். பழனாத்தாள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உறை. சொல்லாவிட்டால், தைக்கத் துணி இல்லாத அந்த இரைப்பை.

“நான் போதும்னு சொல்லணும். பசியோட,” என்றாள்.

“ஆமா.”

“சோத்து முன்னால உக்காந்துக்கிட்டு.”

“வேணாம்னா விடு.”

“விட்டுட்டு? அந்த ஒரு ஸ்க்ரூவ எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?” எழுந்து தலை வாரினாள். “நல்ல சுடிதாரா எடு. பந்திக்குப் போறம்.”

ஒரே ஒரு இலை போட்டிருந்தார்கள். பழனாத்தாள் அவளே சமைத்திருந்தாள். அரிசிம்பருப்பு சாதம், கத்திரிக்காய் பொரியல், ரசம். சிறிய போசிகள்தான். ஜெசிந்தா கதவருகே ஆம்புலன்சுக்குச் சொல்லி வைத்துவிட்டு நின்றார். நான் சுவரோரம்.

“வா அம்முணி. உக்காரு. பேரென்ன?”

“சிந்துஜா. அக்கா, நான் நெறையத் திம்பேன்.”

“தின்னு. நானென்ன கண்ணு போடவா நிக்கறேன்?”

சாதம் விழுந்த மறு நிமிடம் இலை காலி. பழனாத்தாளின் முகம் மாறியது. அத்தனை நாள் வேலையில்லாமல் கிடந்த கை அது. வேகமாக வாளியை எடுத்தாள், வளைந்தாள், போட்டாள். “இந்தா பொரியல். அட, ரசத்துக்குக் குழி பண்ணு, ஓடுது பாரு. இன்னொருக்காப் போடறன்.” சிந்துஜா தலையை நிமிர்த்தவில்லை. மறுபடி காலி. மறுபடி வந்தது. ஜெசிந்தா பழனாத்தாளின் பட்டையோடு இணைந்த கைத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் தட்டைப் பிடுங்கும் அளவை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

அப்போது அவள் கண் இலையிலிருந்து போசிக்குப் போனது. அங்கிருந்து பழனாத்தாளின் முகத்துக்கு. வேர்வை வழிந்த முகம், காய்ந்த உதடு. திரும்பப் போசிக்கு.

பழனாத்தாள் கரண்டியை எடுத்தாள்.

சிந்துஜா இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தாள். விரல் நகங்கள் வெளுத்தன. வலது கையை இலைமேல் விரித்து வைத்தாள். அது இலையை முழுதாக மறைத்தது.

“போதுங்க்கா,” என்றாள்.

“நெசமாவா?”

“நெசமா. போதும்.”

இலையைத் தன் பக்கம் மடித்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே குழாயடிக்குப் போனாள். தண்ணீர் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

பழனாத்தாள் மேசையைத் துடைத்தாள். போசியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, மிச்ச ரசத்தை ஊற்றி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிசைந்தாள். முதல் வாயை விழுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தாவின் கையிலிருந்த திரையில் பச்சைக் கோடு ஏறியது. கண்ணாடி அறையில் ஏறியதைத் தாண்டி, மண்டபத்து வேனில் எடுத்ததையும் தாண்டி.

ரத்தம் எடுத்து முடித்ததும் பழனாத்தாள் பஞ்சை அழுத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உந்தங்கச்சி பொய் சொன்னா தம்பி.”

“தெரியுங்க்கா.”

“எனக்குந் தெரியும். போதும்னு பொய் சொன்னவியள நெறையாப் பாத்திருக்கறன். கூச்சத்துல சொல்லுவாங்க. சம்பந்தி பாக்கறான்னு சொல்லுவாங்க. எனக்கு மிச்சமிருக்கோணும்னு ஒருத்தருஞ் சொன்னதில்ல.”

வெளியே போய் சிந்துஜாவிடம் கேட்டேன், எப்படி நிறுத்தினாய் என்று.

“எங்கண்ணு எப்பவும் போசி மேலதான இருக்கும்? அடியில கொஞ்சந்தான் இருந்துச்சு,” என்றாள். “இப்பவும் பசிக்குதுண்ணா. பேசாத.”

அந்தத் தொட்டி உறைந்து வந்ததும் முதல் பாட்டிலை நானே நிரப்பி எடுத்துப் போனேன். சிந்துஜா பாதி டம்ளரில் நிறுத்தினாள். இந்த முறை நான் நெற்றியைத் தொடவில்லை. புகார் நம்பருக்கு மறுபடி போன்கள் வந்தன. எடுக்கும் பெண் இப்போது பயப்படுவதில்லை, “சொல்லிடறேங்க” என்கிறாளாம்.

உறை நீர்த்துப்போகும்போதெல்லாம் பந்தி. அன்றைக்கு மட்டும் சிந்துஜா ஷேக் குடிக்காமல் வருவாள், பசியோடு உட்காருவாள், பொய் சொல்வாள். ஒவ்வொரு முறையும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான். அது சுலபமாகவில்லை. ஆகும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டாவது பந்தியன்று, ரத்தம் எடுத்த பிறகு பழனாத்தாள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பந்தி முடிந்ததும், எடுத்து வைத்திருந்த ஷேக்கைக் குடித்துவிட்டு நிறைந்த வயிற்றோடு நின்றிருந்த சிந்துஜா வழியை மறித்தாள்.

“எங்க போறீங்க? உங்களுக்குப் பசிக்குமே.”

“ஊட்டுல போய்ப் பாத்துக்கறன் அம்முணி.”

“பாத்துக்க மாட்டீங்க. டாக்டர் சொல்லிட்டாங்க. யாரும் பாத்துக்கறதில்லையாம்.” பையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். “உக்காருங்க.”

இலை போட்டாள். சாதம் வடித்து வைத்திருந்தாள், கொஞ்சம் குழைந்திருந்தது. அடுப்பருகே அவளை நாங்கள் விட்டதே இல்லை, வேறெப்படி இருக்கும்? வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழனாத்தாளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், மேசையில் வைத்தாள். கண்ணாடி அறையில் தட்டு வைத்திருக்கிறார்கள். இலைக்கு முன்னால் உட்கார வைத்து, குனிந்து, “இன்னுங் கொஞ்சம்” என்று யாரும் போட்டதில்லை.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்ற மறந்திருந்தோம். ஜெசிந்தாவின் திரையில் பச்சைக் கோடு ஏறத் தொடங்கியது. நானும் பார்த்தேன். அது நிற்கவில்லை. இதுவரை எந்த உறையிலும் பார்க்காத உயரத்துக்குப் போனது. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதை எடுத்தா...” என்றார்.

அவர் கொஞ்ச நேரம் ஊசிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் இடது மணிக்கட்டிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். திரை இருண்டது.

இதற்குள் இலையில் சாதம் மலையாகியிருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாத ஒருத்தியின் கையில் வாளியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

“போதும் கண்ணு, போதும்!” பழனாத்தாள் சிரித்துக்கொண்டே இலையைக் கையால் மறைத்தாள்.

சிந்துஜா கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

“நெசமாவா?” என்றாள். “இல்ல, என்னை மாதிரியா?”